கறுப்பு வண்டிக்குக் கூலி கூட

அவைக்குத் தலைமை தாங்கும் குன்சான் நகரக் கார் கழுவும் கடைக்காரர் சங்கத் தலைவர் அவர்களே, இந்தச் சங்கம் ஒற்றைத் தண்ணீர்க் குழாயோடு தொடங்கிய நாளிலிருந்து முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தவர்களே, பகலெல்லாம் நுரையில் நனைந்த கைகளை மாலையில் மடிமேல் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடையையும் கவனித்து, கடைக்காரரையும் கவனிக்கும் சகோதரிகளே, கதவருகே நின்றால் முதலில் சாப்பிடப் போகலாம் என்று கணக்குப் போட்டு நிற்கும் இளைஞர்களே, உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

‘விலைப் போட்டியில் வெல்வதா, வாடிக்கையாளர் மனத்தை வெல்வதா’ என்று என் தலைக்கு மேலே எழுதிக் கட்டியிருக்கிறீர்கள். எனக்குக் கார் கழுவத் தெரியாது. நான் மெழுகு விற்பவன். பாலிஷும், ஷாம்பூவும், துடைக்கும் துணியும் விற்பவன். இரண்டு கடைகள் சண்டை போட்டால் இரண்டு கடைகளுக்கும் சரக்குக் கொடுப்பவன். ஆகவே எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவதற்கு இந்த மண்டபத்திலேயே தகுதியானவன் நான்தான். சிரிக்கிறீர்கள். மூன்றாவது வரிசையில் பான் தெஹோ அவர்கள் எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, இன்று உங்கள் கதையும் வருகிறது. உங்களிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்ல வந்தேன்.

நம் ஊரில் கார் கழுவும் தொழிலுக்குக் குறை உண்டா? கடலிலிருந்து உப்புக் காற்று வருகிறது. வசந்தத்தில் மஞ்சள் புழுதி வருகிறது. அது போனதும் பைன் மரங்களின் மகரந்தம் வருகிறது. வானமே நமக்கு வாடிக்கையாளரை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் துறைமுகச் சாலையில், இரண்டு வண்டிகளுக்கு மட்டுமே இடமுள்ள ஒரு சிறிய கடை மூடப்படும் நிலைக்கு வந்தது. ஏன் வந்தது? எப்படி மீண்டது? அதுதான் நான் சொல்லப்போவது.

அந்தக் கடை மா யோன்சு என்ற அம்மையாருடையது. அவரும் கணவர் தோ கிஷிக்கும் சேர்ந்து நடத்தினார்கள். யோன்சு அதிகம் பேசமாட்டார். கிஷிக் இருவருக்கும் சேர்த்துப் பேசுவார். கையால் கழுவித் துடைக்க முப்பதாயிரம் வொன். பாலிஷ் என்றால் தனிக் கூலி. பல வருடங்களாக அதே விலை, அதே வாடிக்கையாளர்கள், மதியத்தில் அதே கறுப்புச் சாறு நூடுல்ஸ்.

ஒரு வசந்தத்தில் சாலையின் எதிர்ப்புறம் பான் தெஹோ கடை திறந்தார். ஆறு வண்டிகளுக்கு இடம். காத்திருப்போருக்குக் காபி இயந்திரம். அவர் விலைப்பட்டியல் எதுவும் வைக்கவில்லை. ஒரே ஒரு பேனர் கட்டினார்: ‘எதிர்க்கடை விலை எதுவோ, அதைவிட ஐயாயிரம் குறைவு.’

அதன் அழகைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அந்தப் பேனரை மாற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. யோன்சு இருபத்தைந்து என்றால் அவர் இருபது. யோன்சு இருபது என்றால் அவர் பதினைந்து. இவர் பலகையை அழித்து எழுதுவார். அவர் காபி குடிப்பார். இவர் இறங்குவார், அவர் இன்னும் ஒரு படி கீழே நின்றுகொண்டிருப்பார். இருபதுக்கு இறங்கிய பிறகு, வண்டிக்குக் கொடுக்கும் நேரத்தைக் குறைக்காமல் யோன்சுவால் கடையை நடத்த முடியவில்லை. நேரத்தைக் குறைத்தால் வேலையின் தரம் குறையும். தரம் குறைந்தால் வாடிக்கையாளர்கள் குறைவார்கள். கழுத்தில் கயிறு மெதுவாக இறுகுவது போலத்தான்.

அப்போதுதான் கிஷிக்குக்கு ஒரு யோசனை பிறந்தது. காலையில் பலகையை எடுத்தார். ஐயாயிரம் வொன் என்று எழுதி வாசலில் வைத்தார். யோன்சு வெளியே வந்து பார்த்து, பைத்தியமா என்று கேட்டார்.

“நாம ஐயாயிரம்னா, அவன் அதுல ஐயாயிரம் குறைக்கணும்ல? அவனே எழுதி வச்சிருக்கான்” என்றார் கிஷிக்.

ஆம், கணக்கு உங்களுக்கும் புரிந்துவிட்டது. மீன் சந்தைக்காரர்களுக்கு அதைவிட வேகமாகப் புரிந்தது. டாக்ஸிக்காரர்கள் வந்தார்கள், ஐஸ் லாரிக்காரர்கள் வந்தார்கள், நண்டு ஏற்றும் வேன் வந்தது. எல்லோரும் பான் தெஹோவின் கடையில் வரிசையில் நின்றார்கள். பேனரைக் காட்டினார்கள். மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்காக இங்கேயே அவரைப் பாராட்டுகிறேன். மாலை வரை இலவசமாகக் கழுவிவிட்டு, தாமே ஏணி வைத்து ஏறிப் பேனரை அவிழ்த்தார். அதற்குப் பதிலாகத் தம் விலையை எழுதினார்: பதினைந்தாயிரம்.

கைதட்டுகிறீர்கள். கிஷிக்கும் அன்று அப்படித்தான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஆனால் வெற்றி யாருக்கு? அன்று வந்த கூட்டத்தில் ஒருவராவது மறுநாள் யோன்சுவின் கடைக்கு வந்தாரா? இல்லை. இலவசத்துக்கு வந்தவர்கள் இலவசம் முடிந்ததும் போய்விட்டார்கள். யோன்சு பலகையில் மறுபடியும் முப்பதாயிரம் என்று எழுதினார். அதற்குக் கீழே இறங்கினால் ஒழுங்காகச் செய்ய முடியாது என்று கணவரிடம் சொன்னார். வாசல் வெறிச்சோடியது. நான் மெழுகு டப்பாக்களோடு போனபோது, சென்ற முறை வாங்கியதே மூடி திறக்காமல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்.

அந்த வெறிச்சோடிய வாசலுக்குத்தான் ஒரு நண்பகலில் யுக் சாங்போ நடந்து வந்தார்.

சாங்போ யார்? இறுதிச் சடங்கு மண்டபத்தில் அமரர் ஊர்தி ஓட்டுபவர். நீண்ட கறுப்பு வண்டி. நகரத்தில் எந்தக் கடையும் அதை உள்ளே விட்டதில்லை. எவரும் வைததில்லை, விரட்டியதில்லை. இன்று இடமில்லை என்பார்கள், இயந்திரம் பழுது என்பார்கள். இந்த அவையில் இருக்கும் யாரையும் நான் பார்க்கவில்லை. நீங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாதீர்கள். அதனால் சாங்போ மண்டபத்தின் பின்புறம் வாளித் தண்ணீரில் தாமே கழுவிவந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறிய பிறகு அவர் கை வண்டியின் கூரைக்கு எட்டவில்லை. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். அது பொணம் ஏத்துற வண்டி.”

யோன்சு தெருமுனையை எட்டிப் பார்த்தார். “கறுப்பா?”

“கறுப்புதான்.”

“கறுப்புக்குக் கூலி கூட. கோடு எல்லாம் தெரியும், நேரம் பிடிக்கும். பொணத்துக்குத் தனியா எதுவும் இல்ல.”

சாங்போ தெருமுனையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கூட்டம் வருகிற நேரத்தில் வரவில்லை, விடிவதற்கு முன் இருட்டில் வந்துவிட்டுப் போகிறேன், உங்கள் கடைக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்றார். யோன்சு ஒப்புக்கொள்ளவில்லை. இருட்டில் கறுப்புப் பெயிண்டைத் துடைத்தால் எந்தக் கோடு போயிற்று, எது போகவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பகலில் வரச் சொன்னார். அப்போதே உள்ளே கொண்டுவரவும் சொன்னார்.

நான் அந்த வண்டியை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், பின்பும் பார்த்தேன். வாளித் தண்ணீரும் பழைய துணியும் கதவுகள் முழுக்க மெல்லிய வட்டக் கோடுகளை இழைத்திருந்தன, சிலந்தி வலை பின்னியது போல. யோன்சு கதவு கதவாக, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பாலிஷ் இயந்திரத்தை மெல்ல ஓட்டி, அந்த வலையைக் களைந்தார். மேலே மெழுகு பூசினார். வேலை முடிந்தபோது அந்தக் கறுப்பில் எதிர்க்கடை முழுவதும் தெரிந்தது, காபி குடித்துக்கொண்டிருந்த பான் தெஹோ உட்பட.

விளைவு என்ன? வாழ்த்தினார்களா? வந்து குவிந்தார்களா? பொறுங்கள். பக்கத்து மருந்துக் கடை அம்மாள் யோன்சுவின் வாசற்படியில் உப்பை அள்ளித் தூவிவிட்டுப் போனார், பீடை விலகட்டும் என்று. உப்புப் பட்டால் பெயிண்டு கெடும் என்று யோன்சு அதைப் பெருக்கித் தள்ளினார். மழலையர் பள்ளி வேன் வருவது நின்றது. கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுபவர் தொலைபேசியில் அழைத்து, அதே துணியால்தான் என் வண்டியையும் துடைக்கிறீர்களா என்று கேட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் துவைத்த துணி என்று சொன்னார் யோன்சு. அவரும் வரவில்லை.

கிஷிக் மன்றாடினார். அந்த ஒரு வண்டிக்காக எல்லாரையும் இழக்கிறோம் என்றார். யோன்சுவுக்கும் பயம்தான். பலநாள் தூங்காத கண்களோடு இருந்தார். ஆனால் சாங்போவிடம் வராதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த ஆள் ஒருமுறைகூட விலையைக் குறைக்கச் சொன்னதில்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வருமானம் வேண்டுமே. கிஷிக் என்ன செய்தார் தெரியுமா? சாலையைக் கடந்தார். பான் தெஹோவிடம் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் கணவனும் மனைவியும் ஒன்றாகக் கிளம்பி வருவார்கள். சாலையில் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போவார்கள். இங்கிருந்து அவர் அங்கே பார்ப்பார். அங்கிருந்து இவர் இங்கே பார்ப்பார். நூடுல்ஸ் கொண்டுவருபவர் எந்தப் பக்கம் இரண்டு தட்டு வைப்பது என்று தெரியாமல் விழித்தார். நாங்கள் எல்லோரும் அதைப் பேசிச் சிரித்தோம். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இனி, பெரியோர்களே, இறுதிச் சடங்கு மண்டபத்தின் முற்றத்துக்கு வாருங்கள். நாம் எல்லோரும் அங்கே நின்றவர்கள்தாம். உள்ளே காரமான மாட்டிறைச்சிச் சூப்பைக் குடித்துவிட்டு வெளியே வந்து நிற்போம். என்ன பேசுவது? யார் முகத்தைப் பார்ப்பது? அழுதவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அழாதவர் முகத்தைப் பார்க்க அதைவிடக் கூச்சம். அப்போது கண் எங்கே போகும்? எதிரே நிற்கும் கறுப்பு வண்டியின் மேல்தான் போகும். அப்படி நின்றவர்கள் பார்த்தார்கள். கதவில் வானம் ஓடியது. கூரையில் மேகம் ஓடியது. நின்றவர்களில் பாதிப்பேருக்குச் சொந்த வண்டி இருந்தது. சாங்போவின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, இதை யார் துடைக்கிறார்கள் என்று கேட்டார்கள். சாங்போவும் குரலைத் தாழ்த்தி இடத்தைச் சொன்னார்.

வந்தார்கள். முதலில் கறுப்புக் கோட்டோடு அடக்கம் முடிந்து நேரே ஒருவர் வந்தார். பிறகு மீன் ஏலக்காரர் வந்தார். பிறகு ஒரு பல் மருத்துவர் வந்தார். யாரும் விலை கேட்டுவிட்டு எதிர்ப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது எது என்பதை அவர்கள் முன்பே கண்ணால் பார்த்துவிட்டார்கள். இரண்டு வண்டி இடத்துக்கு வெளியே மூன்றாவது வண்டி காத்து நின்றது. நான்காவதும் நின்றது.

எதிர்ப்புறத்தில் கிஷிக் ஒரு கையில் ஸ்பாஞ்சோடு அதையே பார்த்து நின்றார். பான் தெஹோ வந்து அவர் கையிலிருந்த ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டார்.

“அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா தனியா அல்லாடுறாங்க. இங்க நின்னு என் வண்டியத் தேய்ச்சிட்டிருக்கீங்க. போங்க.”

கிஷிக் சாலையைக் கடந்தார். யோன்சுவின் முன் நின்று, வேலை இருக்கிறதா என்று கேட்டார். விளக்கைப் பிடி என்றார் யோன்சு. அவ்வளவுதான் நேர்காணல்.

பான் தெஹோவின் கடை மூடப்பட்டதா? மூடப்படவில்லை. மஞ்சள் புழுதி அடித்த மறுநாள் பதினைந்தாயிரத்துக்கு விரைவாகக் கழுவித் தர அவரைப் போல் ஆள் இல்லை. அன்று என் வண்டியும் அங்கேதான் நிற்கும். புழுதி போனால் போதும் என்பவர் அங்கே போகிறார். முகம் தெரிய வேண்டும் என்பவர் இங்கே வருகிறார். மழலையர் பள்ளி வேன் இன்றுவரை திரும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. அன்று சரக்குக் கொடுக்கப் போயிருந்தேன். என் காதால் கேட்டேன். வெள்ளைச் சிறு காரில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். கு சொன்ஆ என்று பெயர், பள்ளி ஆசிரியை. இறங்கியதும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. நேரே யோன்சுவிடம் வந்தார்.

“எங்க அப்பாவ ஏத்திட்டுப் போன வண்டியத் துடைச்சது நீங்களா?”

யோன்சு துணியைக் கீழே வைத்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நானும் நினைத்தேன். “நான்தான். ஏதாச்சும் குறையா?”

“அப்பா போனதுலேர்ந்து அம்மா தலையே வாரல. நாங்க சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம். எடுக்குற அன்னிக்குக் காலைல அந்த வண்டிக் கதவுல அவங்க முகம் தெரிஞ்சிருக்கு. அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் எங்கிட்ட சீப்பு கேட்டாங்க.”

யோன்சு துணியை மறுபடி கையில் எடுத்தார். கிஷிக் ஒன்றும் சொல்லவில்லை. கிஷிக் பேசாமல் நிற்பது நடக்கக்கூடிய காரியம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு யோன்சு வெள்ளை வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, இதில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கண்ணாடியெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றார் அந்தப் பெண்மணி.

பெரியோர்களே, நாம் கழுவுவது இரும்பு. துடைப்பது கண்ணாடி. பூசுவது மெழுகு. ஆனால் நாம் தேய்த்து அனுப்பும் வண்டி நம் வாசலைத் தாண்டி எங்கே போய் நிற்கிறது, அதன் முன்னே யார் வந்து நிற்கிறார், அவர் அதில் எதைப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாததால்தான் கடைசிக் கதவையும் முதல் கதவைப் போலவே துடைக்க வேண்டியிருக்கிறது. கணவனை இழந்த ஒருத்தி, பகல் வெளிச்சத்தில், பளிங்கு போன்ற ஒரு கறுப்புக் கதவின் முன் நின்று தன் மகளிடம் சீப்புக் கேட்டாள். அந்தக் கதவைத் துடைத்தவரின் தொழில்தான் உங்கள் தொழில்.

இடையில் எழுந்து போகாமல் இருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. மேடை தந்த சங்கத்துக்கு நன்றி. தம் பெயரைச் சொல்ல அனுமதித்த பான் தெஹோ அவர்களுக்கும், ஒரு வண்டி காத்திருக்கிறது என்று சொல்லி இன்று வர மறுத்துவிட்ட மா யோன்சு அம்மையாருக்கும் நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள், வணக்கம்.