ஆறாவது எபிசோடில் யாரும் பேசுவதில்லை

ஜனவரியில் தொடங்கும் அனிமே தொடர்கள் பொதுவாகச் சுமாராகத்தான் இருக்கும். இது என் தனிப்பட்ட கருத்து. ஜப்பான்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் புதுக் கார்ட்டூன் தொடர்களை மொத்தமாக இறக்குகிறார்கள். அதற்கு சீசன் என்று பெயர். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நல்ல சரக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சம் மீதியை ஜனவரியில் தள்ளிவிடுவார்கள். ஜூலையில் பள்ளிக்கூடக் கதைகள் ஜாஸ்தி. இப்படி நிதானமாக, அடித்துச் சொல்கிற தொனியில் பேசினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

என் பெயர் இளவரசன். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் இருக்கும் ஒரு விடுதியில் வரவேற்பு மேஜை என்னுடையது. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிற இடம். சாவி கொடுப்பேன், ஆட்டோ பிடித்துக் கொடுப்பேன், வெந்நீர் வரவில்லை என்றால் மாடிக்கு ஆள் அனுப்புவேன். பௌர்ணமிக்கு மட்டும் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் தொடர் பார்ப்பேன். படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பார்த்தவற்றைப் பற்றி என் யூடியூப் சேனலுக்கு வீடியோ பேசுவேன். சத்தம் எதிரொலிக்காது. சீசன் முடிந்ததும் எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்துவேன். அந்த வீடியோவுக்காகக் காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள்.

ஒரு சீசனில் வருகிற எல்லாவற்றையும் ஒரு மனிதன் பார்த்துவிட முடியாது. முதல் இரண்டு எபிசோடு பார்ப்பேன். மிச்சத்தை ஓட்டிவிடுவேன். சிலவற்றுக்கு, வேறு யாராவது ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்வேன். இதைப் பெரிய குற்றம் என்று நான் நினைக்கவில்லை.

அந்த வருடம் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களைப் பற்றி ஒரு தொடர் வந்தது. மெதுவாகப் போகும். நான் அதைக் கடைசி இடத்தில் வைத்தேன். ஆறாவது எபிசோடில் தேவையில்லாத வசனம் ஜாஸ்தி, அதிலேயே தொடர் படுத்துவிட்டது என்று சொன்னேன். மறுநாள் அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆறாவது எபிசோடுல யாருமே ஒரு வார்த்தைகூட பேசலீங்களே. மழை வருது, ரெண்டு பேரும் சேந்து உப்பை மூடறாங்க, அவ்ளோதான். வேற தொடரோட மாத்தி நினைச்சுக்கிட்டீங்களா?”

கடைசி வரியில் எனக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டிருந்தாள். மற்றவர்கள் விடவில்லை. நாள் முழுக்கச் சிரித்தார்கள். நான் வீடியோவை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குத் தனியாக எழுதினேன். ஆமாம், மாற்றி நினைத்துக்கொண்டேன், வேலை அதிகம் என்றேன். “பரவால்லீங்கண்ணா. எல்லாத்தையும் ஒருத்தரே பாக்க முடியுமா?” என்று பதில் வந்தது.

அவள் பெயர் சிந்துஜா. கீழ்பென்னாத்தூர். அப்பா சக்கரவர்த்தி, மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கீழே மண்டி, மேலே வீடு. அம்மா இல்லை. சிந்துஜா தினமும் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குக் கல்லூரிக்கு வருவாள், கம்ப்யூட்டர் சயின்ஸ். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் பார்ப்பாள். எதையும் ஓட்டிப் பார்க்க மாட்டாள். பாட்டு ஓடும்போதுகூடத் தள்ள மாட்டாள்.

பார்த்ததைப் பற்றிக் குரல் செய்தியாக எனக்கு அனுப்பத் தொடங்கினாள். நான்தான் கேட்டேன். “நீ என்ன நினைக்கறேன்னு சொல்லும்மா, எனக்கு உதவியா இருக்கும்” என்றேன். அவள் பேசினால் நாம் பார்த்த காட்சியே வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு சண்டைத் தொடரை எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, “இதுல செத்தவங்க வீட்டுல அடுத்த நாள் யாரு சமைச்சாங்கன்னு ஒரு தடவகூட காட்டலண்ணா” என்றாள். நான் அதை அப்படியே என் வீடியோவில் சொன்னேன். பார்த்தவர்கள், ‘ப்ரோ, உங்க பார்வையே தனி’ என்று எழுதினார்கள்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. நான் தொடர்கள் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். அவள் பேசுவதைக் கேட்பேன், கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். சேனல் வளர்ந்தது. விடுதிக்குத் தங்க வந்த பெங்களூர் பையன் ஒருவன் என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டுபிடித்து, கூட நின்று படம் எடுத்துக்கொண்டான். அன்று நான் நடந்துதான் வீட்டுக்குப் போனேன். சந்தோஷத்தை உடனே முடித்துவிட மனம் வரவில்லை.

ஒரே ஒரு முறை அவள் கேட்டாள். “அண்ணா, ஒரு தடவை என் பேரைச் சொல்லுங்களேன். சும்மா, எனக்கே கேக்கணும்போல இருக்குது.”

“உங்க ஊர்ல யாராச்சும் கேட்டா தப்பாப் பேசுவாங்கம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றேன். அதை உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அவளே ஒரு சேனல் தொடங்கினாள். முகம் காட்டவில்லை, குரல் மட்டும். முதலில் பேசியது அந்த உப்பளத் தொடரைப் பற்றித்தான். என்னைவிட நன்றாகப் பேசினாள் என்று சொல்வது சரியாக இருக்காது. இத்தனை நாள் நான் பேசியதே அவள் பேசியதுதானே. ஆனால் அவள் வாயில் அது இடறாமல் வந்தது. கொஞ்ச நாளிலேயே என் ஆட்கள் அங்கே போய், ‘இளவரசன் ப்ரோவ காப்பி அடிக்கறீங்க’ என்று திட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று போனைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். ஒரு குரல் செய்தியை வெளியே விட்டால் போதும், என் கதை முடிந்தது.

அவள் எழுதினாள்: “அவருகிட்டதாங்க கத்துக்கிட்டேன்.”

அதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. வெட்கம் வந்தது. காது வரைக்கும் சுட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவள் என்னைக் காப்பாற்றினாள். அதன் பிறகு அவள் பெயரைத் திரையில் பார்த்தாலே எனக்குக் கூசியது. கூச்சம் நாளாக நாளாக வேறொன்றாக மாறிவிடுகிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

மார்ச் மாதம் போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

“அண்ணா, மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். சென்னையில ஒரு ஸ்டுடியோல கூப்புட்டிருக்காங்க. இந்தத் தொடருக்கெல்லாம் தமிழ்ல குரல் குடுக்கறாங்கல்ல, அதுக்கு. மதிவதனி மேடம்னு ஒருத்தங்க, என் வீடியோ கேட்டாங்களாம். வெள்ளிக்கிழமை வந்து பேசிக் காட்டச் சொல்றாங்க.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“இன்னும் இல்லண்ணா. சேனல் இருக்கறதே அவருக்குத் தெரியாது. புதன்கிழமை சொல்லிடுவேன். திட்டமாட்டாரு, ஆனா பயப்படுவாரு. நீங்க வேணா ஒரு வார்த்தை பேசறீங்களா? அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு தைரியமா இருப்பாரு.”

பேசுகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை காலையில் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். அவள் கல்லூரிக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

மண்டியில் சக்கரவர்த்தி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். குள்ளமான மனிதர், சட்டையெல்லாம் மல்லாட்டைத் தோல். என்னைப் பற்றிச் சொன்னேன். உங்கள் மகள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள் என்றேன். நாற்காலி போட்டு, டீ சொன்னார். நான் அவளுடைய வீடியோவை அவருக்குக் காட்டினேன். உலகமே பார்க்கும்படி அவளே போட்டுவைத்த வீடியோ. ஒரு தகப்பனுக்குத் தெரியவேண்டியதுதானே. பிறகு விடுதிக்குத் திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன்.

அன்று மாலையே சேனல் மறைந்தது. அவள் எண் அணைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை யாரும் சென்னைக்குப் போகவில்லை. கல்லூரிக்கும் அவள் வரவில்லை. கடைசித் தேர்வு எழுதவில்லை என்று பிறகு தெரிந்தது. மே மாதம் சக்கரவர்த்தி விடுதிக்கு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை செஞ்சிப் பக்கம், தூரத்துச் சொந்தம், போர்வெல் வண்டி வைத்திருக்கிறார்.

“நீங்க இல்லன்னா என் பொண்ணு வீணாப் போயிருக்கும் தம்பி” என்றார். “நீங்கதான் சொன்னீங்கன்னு அதுங்கிட்ட சொல்லல. உங்கமேல இருக்கற மரியாதை போயிடக் கூடாது பாருங்க. கண்டிப்பா வரணும்.”

போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு நினைப்பு. அவளைப் பார்க்கவேண்டும் என்றும் இருந்தது. நேரில் அவளை அதுவரை பார்த்ததில்லை. மேடையில் வரிசை நகர்ந்து என் முறை வந்தபோது பெயரைச் சொன்னேன். அலங்காரத்துக்கு நடுவே அவள் முகம் சட்டென்று மலர்ந்தது.

“வாங்கண்ணா” என்றாள். மாப்பிள்ளையிடம் திரும்பி, “இவருதாங்க இளவரசன் அண்ணா. ரொம்ப நல்லாப் பேசுவாரு” என்றாள். அவர் கைகுலுக்கினார். படம் எடுப்பவர் விளக்கைச் சரிசெய்யும் இடைவெளியில் அவள் குனிந்து, மெல்லக் கேட்டாள்.

“அப்பாகிட்ட யாரோ போய் என்னென்னமோ சொல்லிட்டாங்கண்ணா. யாருன்னு சொல்லமாட்டேங்கறாரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

“தெரியலம்மா. விடு, இப்ப எதுக்கு அது” என்றேன்.

“சாப்ட்டுட்டுப் போங்கண்ணா.”

சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் முறை வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் வாந்தி வரும்போல் இருந்தது, வரவில்லை.

இப்போது அவள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு போன், அது மாமியாரிடம் இருக்கிறதாம். அவளுடைய குரல் செய்திகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. அழிக்கவில்லை. இந்த சீசனுக்குக்கூட அவற்றில் சிலதை எடுத்துக்கொண்டேன். வேறு தொடரைப் பற்றி அவள் சொன்னதுதான், ஆனால் பொருந்தியது. கீழே ஒருவர், ‘ப்ரோ, உங்ககிட்ட கத்துக்கிட்டேன்னு ஒரு பொண்ணு சொல்லுமே, அது என்ன ஆச்சு?’ என்று கேட்டிருந்தார். கல்யாணம் ஆகி நன்றாக இருக்கிறார் என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலுக்கு நிறையப் பேர் இதயம் போட்டார்கள். அதன் பிறகு மேஜையில் உட்கார முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

வீடியோவைக் காட்டினேன் என்று சொன்னேன் அல்லவா. அது உண்மை. ஆனால் அதோடு நான் எழுந்து வந்துவிடவில்லை.

சக்கரவர்த்தி மல்லாட்டை உடைக்கும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு முழு வீடியோவையும் கேட்டார். பாதியில் ஓர் இடத்தில் சிரித்தார். முடிந்ததும், மூட்டை தைத்துக்கொண்டிருந்த அம்மாளைக் கூப்பிட்டார். “இங்க வந்து கேளேன், நம்ம பாப்பா பேசுது” என்று மறுபடி ஓடவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. ஆனா நல்லாப் பேசுதுல்ல? இவ்ளோ பேச்சு அதுக்கு வரும்னு எனக்குத் தெரியாது.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “இதுல ஏதாச்சும் தப்பா இருக்குதா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.”

இல்லை என்று சொன்னால் போதும். அவள் என்னைச் சொல்லச் சொன்ன ஒரு வார்த்தை அதுதான்.

“வீடியோல தப்பு இல்லீங்க” என்றேன். “இதை வெச்சு ஒரு பையன் பழக்கமாயிருக்கான். சென்னையில இருக்கான். குரல் குடுக்கற வேலைன்னு உங்ககிட்ட சொல்லுவா. வெள்ளிக்கிழமை அவனைப் பாக்கத்தான் போறா. திரும்பி வர்ற யோசனை இல்ல.”

அப்படி யாரும் இல்லை. மதிவதனி என்ற அந்த அம்மாளைத் தவிர சென்னையில் அவளுக்கு யாரையும் தெரியாது.

அவர் உடனே நம்பவில்லை. “உங்களுக்கு யாரு சொன்னது?” என்றார்.

“அவளேதாங்க. அண்ணன்னு நம்பிச் சொன்னா.”

அந்த மனிதர் சாக்கின்மேல் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன். “ரொம்பத் திட்டாதீங்க, அடிச்சு கிடிச்சுடாதீங்க, சின்னப் பொண்ணு” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரும் அடிக்கவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன். அது நான் சொன்னதால்தான் என்பதை மட்டும் என்றைக்காவது யாராவது அவளிடம் சொன்னால் நன்றாக இருக்கும்.