நீலப்பூத் தலையணை

"ஏட்டி, நீ எப்பமாவது ஒரு தலையணையப் பாத்துப் பொறாமப்பட்டிருக்கியா?"

ஷம்னா என்னிடம்தான் கேட்டாள். மறுநாள் அவளுக்கு நிக்காஹ். குளச்சலில் அவர்கள் வீட்டு மாடியறையில் நாங்கள் ஐந்து பெண்கள். பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. எல்லார் கையிலும் மருதாணிக் கோலம்; மைலாஞ்சி இன்னும் காயவில்லை. செல்போனைத் தொட்டு வெளிச்சம் போடக்கூட வழியில்லை. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். விருந்தாளிகளுக்காகக் குவித்திருந்த தலையணைகளில், முதுகுக்கு அகப்பட்ட ஒன்றில் நான் சாய்ந்திருந்தேன்.

இல்லை என்று தலையாட்டினேன். இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"எங்க ரைஹானத் சாச்சி பட்டிருக்கா," என்றாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால். ராத்திரி இரண்டே முக்கால் மணி. மண்டைக்காடு தாண்டி நாகர்கோவில் போகிற ரோடு... ஒரு வண்டி கிடையாது. ஒரே ஒரு ஆட்டோ. உள்ளே சாச்சி. மடியில் ஒரு தலையணை.

அது மடிக்கு வந்தது எப்படி என்றால்...

சாச்சியின் புருஷன், ஷம்னாவின் சித்தப்பா ஷரீஃப் சாச்சாவுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்திருந்தார்கள். வெறும் நெஞ்சோடு இருமினால் தையலுக்கு ஆகாது. இருமாவிட்டால் சளி நுரையீரலில் கட்டிவிடும். தலையணை ஒன்றை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார் நர்ஸ்.

"அலமாரில நீலப்பூ போட்டது ஒண்ணு கெடக்கும். அத எடுத்துட்டு வா," என்றார் சாச்சா.

சுலைகா பீவி தைத்தது. சாச்சாவின் முதல் மனைவி. இறந்து ஏழு வருஷம். மீன் அறுக்கும்போது மோதிர விரலில் பாதி போய், மிச்ச விரல்களால் தைத்தாளாம். சாச்சா அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

ரைஹானத் சாச்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறு நாள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். கஞ்சி ஊட்டினாள். மூத்திரப் பாத்திரம் எடுத்தாள். அவர் தூங்கும்போது கட்டிப்பிடித்தது அதை. கன்னம் வைத்தது அதன்மேல். கட்டி ஆறு வருஷத்தில் தன்னை ஒருநாள்கூட அப்படிப் பிடித்ததில்லை என்று ஷம்னாவின் உம்மாவிடம் சொல்லி அழுதாளாம்.

ஏழாம் நாள் கடையில் புதுத் தலையணை வாங்கி அவர் கையில் திணித்தாள். நீலப்பூவைப் பையில் சுருட்டினாள். கூட நிற்க ஒருவருக்குத்தான் பாஸ். அந்தப் பாஸை ஷம்னாவின் தம்பி யாசிரிடம் கொடுத்துவிட்டு, குளிக்க வீட்டுக்கு வந்தாள். தலையணையை விறகுப்புரைக்குள் எறிந்தாள்.

இரண்டு மணிக்கு யாசிர் போன் பண்ணினான்.

"சாச்சி, சாச்சா இரும மாட்டேங்காரு. மூச்சு கொறகொறன்னு இழுக்கு. வெடியதுக்குள்ள சளி வரல்லன்னா திரும்ப டியூப்பு போடணும்னு டாக்டர் சொல்லுகாரு. அந்தப் பழைய தலையணையத்தான் கேக்காரு."

ஆட்டோவில் மடி சூடானது. அத்தனை நேரம் விறகுக்குள் கிடந்த தலையணை... இப்போதுதான் யாரோ தலையைத் தூக்கின மாதிரி சூடு. தேங்காயெண்ணெய் வாசம். சாச்சி தலைக்கு எண்ணெய் வைப்பதே இல்லை.

டிரைவர் யூஜின் கண்ணாடியைப் பார்த்தான்.

"யக்கா... பக்கத்துல இருக்க அக்காட்ட கைய உள்ள வைக்கச் சொல்லுங்கோ. லாரி எதாம் வந்தா அடிச்சிரும்."

சாச்சி திரும்பவில்லை.

"சொல்லியாச்சு. நீங்க போங்கோ."

காற்றில் சேலை படபடவென்று அடிக்கிற சத்தம். சாச்சி போட்டிருந்தது சுடிதார்.

ஆஸ்பத்திரியில் சாச்சா தலையணையை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். கொள்... கொள்... சளி வந்தது. மூச்சு சீரானது.

"வந்தியா?" என்றார்.

"வந்தேன்," என்றாள் சாச்சி.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது சாச்சிக்குப் பின்னால்.

ஷம்னா அதோடு நிறுத்திவிட்டாள்.

"பின்ன? அந்தத் தலையணை இப்பம் எங்க?" என் பக்கத்திலிருந்த சபிதா கேட்டாள்.

"சாச்சா எங்க போனாலும் கூடவே வரும். இன்னைக்குத்தான் காணல்ல. வீட்ல மறந்து வச்சிட்டேன்னு சாச்சி சொன்னா."

கீழே யாரோ இருமினார்கள். ஒருமுறை. பிறகு அடக்கி, அடக்கி... கொறகொறவென்று.

கரண்ட் வந்தது.

வாசலில் ரைஹானத் சாச்சி நின்றாள். மற்ற யாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, என் முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை உருவினாள். நீலப்பூ.

உறையில் ஈர மைலாஞ்சியில் ஒரு கை பதிந்திருந்தது.

நாங்கள் ஐந்து பேரும் எங்கள் கைகளைப் பார்த்தோம். ஒரு கோடுகூட அழியவில்லை. சாச்சி மைலாஞ்சி இட்டுக்கொள்ளவே இல்லை.

அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

சாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே மறுபடியும் இருமல். தலையணையைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.