நாணல் குழல் வைக்காத முகம்

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? இது உச்சி வெயிலில் நடந்தது. நம் தையல்காரரின் கொள்ளுத்தாத்தாவுக்கு. சிரிக்காதீர்கள்... அந்த விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள், கண் கூசுகிறது.

நடுப்பகல். ஆற்றோரச் சாலையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு குதிரை வண்டி. உள்ளே மாவுக்கை, அந்தக் கொள்ளுத்தாத்தாதான். நாடகக்காரர்களுக்கு முகமூடி செய்கிறவர். எந்நேரமும் கையில் பிளாஸ்டர் மாவு அப்பியிருப்பதால் அந்தப் பெயர். போட்டோ புழங்காத காலம். அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தால் துப்பறியும் அதிகாரி இவரைத்தான் கூப்பிடுவார். முகத்தை அச்செடுத்து, வார்த்து, ஊர் ஊராகக் காட்டுவார்கள்.

வண்டி போய் நின்ற பிணக்கிடங்கில் ஈரச் சாக்கு வாடை. மேசையில் ஆற்றில் கிடந்த ஒருவன். செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். வராந்தாவில் கைவிலங்கோடு ஓர் ஓடக்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

"நான் தூக்கிட்டு வரும்போது மூச்சு இருந்துச்சுங்க! காப்பாத்தத்தான் கொண்டாந்தேன்!"

"மோதிரத்துக்காகத் தண்ணியில அமுக்கிட்டு, பேச்சைப் பாரு," என்றார் அதிகாரி.

மாவுக்கை அந்த முகத்தில் எண்ணெய் தடவினார். பழக்கதோஷம்... இரண்டு நாணல் குழல்களை மூக்கில் செருகினார். நாடகக்காரர்களுக்கு அப்படித்தான் செய்வார், மாவுக்கடியில் அவர்கள் மூச்சு விட வேண்டுமே.

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "யோவ், செத்தவனுக்கு எதுக்குய்யா மூச்சு?"

மாவுக்கைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழல்களை உருவி எறிந்தார். மாவைக் குழைத்து, மூக்கு வாய் எல்லாவற்றையும் சேர்த்து மூடினார். சளக்... சளக்... இந்த மாவு இறுகும்போது சூடேறும். அது ஒரே தடவைதான். பிறகு ஆறினால் ஆறியதுதான்.

ஆறியது. அச்சைத் தூக்கித் திருப்பினார்.

மூக்குக்குக் கீழே இரண்டு சின்னக் குழிகள். குமிழி உடைந்த தடம். நாடகக்காரனுக்குக் குழல் நழுவினால், அவன் விடுகிற மூச்சு ஈர மாவில் இப்படித்தான் விழும். அவருக்கா தெரியாது?

ஓடக்காரன் சொன்னது நிஜம். அப்படியானால் கொன்றது...

வாயைத் திறந்தால் அவன் பிழைப்பான். விலங்கு இந்த மாவுக் கைக்கு வரும். வீட்டில் பெண்டாட்டி நிறைமாதம்.

"என்னய்யா, முகம் சரியா வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க," என்றார். கட்டைவிரலில் கொஞ்சம் மாவெடுத்துக் குழிகளை அடைத்தார். பாவி மனுஷன், அந்த விரல் நடுங்கக்கூட இல்லையாம்.

வார்த்த முகத்தை அதிகாரி கொண்டுபோனார். அச்சு இவரிடமே தங்கியது. அலமாரியில் மல்லாத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்க்கிறார்... இரண்டு குழிகள். அடைத்தார். அடுத்த நாள் மறுபடி. அடைத்தார்.

ஓடக்காரனைத் தூக்கில் போட்ட அன்று காலையில் நான்கு குழிகள்.

உடைத்துப் போடச் சுத்தியலை எடுத்தார். கை எழவில்லை. இன்னொரு தடவை கொல்வதுபோல் இருந்ததாம். அதன்பிறகு பல் விளக்குகிற மாதிரி தினமும் அடைத்தார். சாகக் கிடந்தபோது மகனிடம் சொல்லி அழுதார். "ஒருநாள்கூட விட்டுடாதடா." மகன் அடைத்தான். பேரன் அடைத்தான்.

நம் தையல்காரர் இருக்கிறாரே, அவருக்கு எல்லாம் தெரியும். "எலி கொறிக்குதுய்யா, வேற வேலை இல்லையா?" என்று போன மாதத்தோடு நிறுத்திவிட்டார்.

நேற்றுப் பகலில் அவர் மனைவி அலமாரியைத் துடைத்திருக்கிறார். "என்னங்க... இங்க வந்து தொட்டுப் பாருங்க."

தையல்காரர் விரலை வைத்தார். நெற்றி சில்லென்று இருந்தது. கன்னமும் அப்படித்தான். மூக்குக்குக் கீழே அந்த நான்கு குழிகளில் மட்டும் சூடு. வந்தது... நின்றது... வந்தது.

இரண்டு பேருடைய மூச்சு. ஒன்றோடொன்று சேராமல்.