உப்பில்லாத மோர்

மோர் கடைவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. தச்சநல்லூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மோருக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுதிக்கொள்ளுங்கள் சார். பெயர் கோமு, வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை.

அண்ணன் அம்பலவாணன் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். அண்ணி பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை அனுராதாவை நான்தான் வளர்த்தேன். மறு வருடம், எழுபத்தொன்பதில், எனக்கு ஒரு வரன் வந்தது. அம்மையப்பன் என்று அம்பாசமுத்திரத்து வாத்தியார். பூ வைத்துவிட்டுப் போனார்கள். பத்தாம் நாள் வேண்டாம் என்று ஆள் வந்து சொன்னது. காரணம் சொல்லவில்லை. நான் கறுப்பு, அதனால்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்ததில்லை.

போன வருடம் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாடு வேண்டாம், குளியல் வேண்டாம், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"இந்த மாத்திரைக்கு மனசு தெளியும். ஆனா பிரஷர் எறங்கும். சட்டுனு எந்திரிக்க விடாதீங்கம்மா, கண்ணு இருட்டிக்கிட்டு விழுந்துருவாரு. பைய ஒக்காந்து, ரெண்டு நிமிஷம் கழிச்சு நிக்கணும். தண்ணியும் உப்பு போட்ட மோரும் நெறையக் குடுங்க" என்றார்.

அப்படியே செய்தேன். அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துத்தான் நிற்கவைப்பேன். "கூடப்பொறந்தவன்னா இப்படில்லா இருக்கணும்" என்று எதிர்வீட்டுப் பாக்கியவதி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஆறு வாரத்தில் மாத்திரை வேலை செய்தது. ஒருநாள் காலையில் அண்ணன் வாய் திறந்து பேசினார்.

"கோமு, அம்பாசமுத்திரத்துக்கு மொட்டக் கடுதாசி போட்டது நாந்தான். ஒனக்குக் காக்கா வலிப்பு உண்டுன்னு எழுதினேன். நீ போயிட்டா பிள்ளைய யாரு பாப்பான்னு பயந்துட்டேன். இத்தன வருசமா நெஞ்சுக்குள்ள கெடந்து அறுக்கு."

அழுதார். சொன்ன பிறகு அவர் முகம் தெளிந்தது. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நான் சத்தம் போடவில்லை சார். பாத்திரம் கழுவினேன். பிறகு மோர் கடைந்தேன். அதில் உப்புப் போடவில்லை.

"டாக்டர் உப்பக் கொறைக்கச் சொல்லிட்டாரு அண்ணே. தண்ணியும் ரொம்பக் குடிக்கக் கூடாதாம்" என்றேன். அவர் நம்பினார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? மாத்திரையை மட்டும் நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று தடவை தலைசுற்றி விழுந்தார். ஒருமுறை நெற்றியில் தையல் போட்டார்கள். தையல் பிரிக்கும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.

கார்த்திகையில் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று நான்தான் சொன்னேன். அனுராதாவைக் கோயிலில் தேங்காய் பழம் வாங்க நிறுத்திவிட்டு, அவரைப் படித்துறைக்கு அழைத்துப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத ஓரமாகப் பார்த்து உட்காரவைத்தேன். மழைத்தண்ணீர் கலங்கலாக இழுத்துக்கொண்டு போனது. கடைசிப் படியில் தண்ணீருக்குள் காலை விட்டபடி அரைமணி நேரம் இருந்தார். முகத்தில் வெயில் பட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தார்.

நான் நான்கு படி மேலே ஏறி நின்றேன். "அண்ணே, எந்திரிங்க, அனுராதா விழுந்துட்டா" என்றேன்.

சட்டென்று எழுந்தார். ஒரு கணம் நேராக நின்றார். பிறகு கை காற்றில் எதையோ தேடியது, முன்பக்கமாகச் சரிந்தார். இடுப்பளவு தண்ணீர்தான். எனக்கு நீந்தத் தெரியும். இரண்டு தடவை தலை மேலே வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. அதுவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

கால் தவறி விழுந்தார் என்று கேஸை நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். நான் வந்திருப்பது வேறொன்றுக்காக. பதினாறு கழிந்ததும் அனுராதா என் மடியில் படுத்துக்கொண்டு, "அப்பா கடைசியா ஏதாவது சொன்னாஹளா அத்தே?" என்று கேட்டாள்.

"ஒன் பேரச் சொன்னாரும்மா" என்றேன்.

அவர் கூப்பிட்டது என்னை. தலை மேலே வந்த இரண்டு தடவையும் "கோமு" என்றுதான் கூப்பிட்டார். தாயில்லாத பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேன் சார். அது ஒன்றுதான் நான் செய்த தப்பு.