கேள்வி மட்டும்தான் கேட்டேன்

எங்கள் பகுதியில் ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பது சாதாரணம், மேடம். ஆதாரில் ஒன்று இருக்கும், ரேஷன் கார்டில் வேறொன்று இருக்கும். தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதை இங்கிலீஷுக்கு மாற்றி, மறுபடி தமிழில் வாசித்தால் மாரித்தாய் 'மரிதை' ஆகிவிடுகிறாள். பள்ளிவாசல் பவர்ஹவுஸ் இறக்கத்தில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். அதில் பாதிக் காலம் இந்தப் பெயர்களைத் திருத்துவதிலேயே போயிருக்கும். யார் பெயரிலும் நான் ஓர் எழுத்துகூடத் தவறு விட்டதில்லை. குருசாமி கையால் எழுதிப் போன மனு திரும்பி வராது என்று தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது 'மேட்டுலயம்' என்ற ஃபேஸ்புக் பக்கத்தைப் பற்றி. அது என்னுடையதுதான். அதை நடத்த வேறு யாரும் இல்லை.

அதைத் தொடங்கிய காரணத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மேட்டு டிவிஷன் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கூரை ஒழுகியது. மூன்று மழைக்காலம் மனு கொடுத்தார்கள். அத்தனை மனுவையும் நான்தான் டைப் செய்தேன். கையெழுத்துப் போட்டவர்களைத்தான் ஆபீசில் கூப்பிட்டு மிரட்டினார்களே தவிர, கூரையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் ஒழுகும் கூரையின் படத்தைப் போட்டு, "இந்த வீட்டில் மேனேஜர் ஒரு நாள் குடியிருப்பாரா?" என்று அந்தப் பக்கத்தில் கேட்டேன். பெயர் போடவில்லை. பத்தே நாளில் தகரம் வந்து இறங்கியது. டிஸ்பென்சரிக்கு டாக்டர் வராததைக் கேட்டேன். வாரம் இரண்டு நாள் வர ஆரம்பித்தார். பெயர் இல்லாமல் பேசுகிறவனை மிரட்ட யாராலும் முடியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

சட்டத்தையும் படித்துவைத்திருந்தேன். இணையத்தில் எழுதுகிறவர்களைக் கைது செய்ய உதவிய அறுபத்தாறு ஏ என்ற பிரிவை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 2020 நவம்பரில் நம் மாநிலத்தில் அதே மாதிரி ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள், எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். அன்றைக்கு நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.

மோனிஷாவுக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தேன். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றி உங்கள் ஃபைலில் இருப்பது கொஞ்சம்தான். மேட்டு டிவிஷன் சூப்பர்வைசர் நல்லதம்பி அண்ணனின் ஒரே மகள். படித்து முடித்து ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் வேலை. ஓய்வு நேரத்தில் தோட்டத்தைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோக்கள் போடுவாள். கொழுந்து கிள்ளும் பெண்களைப் பேச வைப்பாள். நன்றாக இருக்கும். ஜீப் ஓட்டும் பாண்டீஸ்வரனுக்கும் அவளுக்கும் ஆவணியில் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள்.

சென்ற வருடம் மாசியில் என் பக்கத்துக்கு ஒரு தகவல் வந்தது. தொழிற்சங்கக் கூட்டத்துக்கு யார் யார் போகிறார்கள் என்று ஒருவர் ஆபீசில் போய்ச் சொல்கிறார், அது நல்லதம்பி என்று. நான் பக்கத்தில் கேட்டேன்: "காட்டிக் கொடுப்பது மேட்டு டிவிஷன் சூப்பர்வைசரா?" தகவல் தவறு என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. அதற்குள் மோனிஷா ஒரு வீடியோ போட்டுவிட்டாள். கேமராவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"எங்கப்பா பேரச் சொல்லத் தெரியுதுல்ல, ஒங்க பேரச் சொல்லுங்க. தப்பா எழுதிட்டோம்னு ஒரு வரி போடுங்க. போதும். நாங்க மறந்துருவோம்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை மன்னிப்புக் கேட்ட பக்கத்தை அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டார்கள். கூரையும் டாக்டரும் வந்தது அந்த நம்பிக்கையால்தான். அந்த வீடியோவைத் தோட்டம் முழுக்கப் பார்த்தது. மேட்டுலயம் யார் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார்கள். அதை நிறுத்த வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் ஆள் இருக்காது. அப்போதுதான் எழுதுவேன். அவளைப் பற்றி நான் கெட்ட வார்த்தை ஒன்றுகூட எழுதியதில்லை. நீங்கள் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறீர்கள், பாருங்கள். "ரிசார்ட்டில் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?" என்று கேட்டேன். "வீடியோ எடுக்கப் புதுப் போன் யார் வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டேன். கேள்வி கேட்பதில் குற்றம் இல்லை. பதில் எழுதியவர்கள் மற்றவர்கள். முந்நூறு பேர், நானூறு பேர். அவர்களில் சிலர் அவளைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர்கள். ரிசார்ட்டில் அவளைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்கள். அவள் அம்மா மாரித்தாய் அக்காவோடு சேர்ந்து கொழுந்து கிள்ளப் போக மற்றப் பெண்கள் யோசித்தார்கள்.

மோனிஷா பக்கத்தின் இன்பாக்ஸுக்கு எழுத ஆரம்பித்தாள். தினமும் ஒன்று. "நீங்க யாரு?" "நான் என்ன செஞ்சேன்?" "எங்கம்மா சாப்பிட மாட்டேங்குது." படித்தேன், பதில் போடவில்லை. பதில் போட்டால் எழுத்து நடை காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு அவள் என் கடைக்கு வந்தாள். சைபர் செல்லுக்குப் புகார் மனு, பராதி, எழுத வேண்டும் என்றாள். பாண்டீஸ்வரனும் கூட வந்திருந்தான்.

"குருசாமி அண்ணே, நீங்க எழுதுனாத்தான் எடுபடும்னு அப்பா சொல்லுச்சு. நல்லா எழுதிக் குடுங்க."

நன்றாகத்தான் எழுதிக் கொடுத்தேன், மேடம். தேதி வாரியாக, ஒவ்வொரு பதிவையும் குறிப்பிட்டு, அவள் விட்டுப்போன இரண்டையும் நானே ஞாபகப்படுத்தி. யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்ற இடத்தில் அவள் மூன்று பெயர் சொன்னாள். மூன்று பேரும் ரிசார்ட்டில் கூட வேலை பார்ப்பவர்கள். அவள் பெயரை 'மோணிஷா' என்று பழைய கார்டில் தவறாகப் போட்டிருந்தார்கள். அதையும் திருத்தினேன். இரண்டு காப்பி எடுத்து, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பாண்டீஸ்வரனிடம் பத்திரமாக வைக்கச் சொன்னாள்.

ஸ்டேஷனில் அன்றைக்கு இருந்தவர், கேள்விதானே கேட்டிருக்கிறான், இதில் என்ன கேஸ் என்று கேட்டாராம். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று நான் விளக்கினேன். தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் அந்தப் பராதியைப் பக்கத்தில் போட்டேன். மூன்று பெயரும் தெரியும்படி. ஸ்டேஷனில் இருந்து வெளியே வராது, ஆகவே பாண்டீஸ்வரன்தான் யாரிடமோ காட்டியிருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டாள். சந்தேகப் பெயரில் இருந்த ஒருவனின் அண்ணன்மார் ஜீப் ஸ்டாண்டில் வைத்து பாண்டீஸ்வரனை அடித்தார்கள். அதன் பிறகு அவளோடு பேச அப்பாவையும் அம்மாவையும் தவிர யாரும் இல்லை.

நான்கு நாள் கழித்து இன்பாக்ஸில் இது வந்தது. எனக்கு மனப்பாடம்.

"அந்தப் பேப்பர்ல என் கையெழுத்து இல்ல. கையெழுத்துப் போடாத பேப்பர் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு, குருசாமி அண்ணே. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எழுதுறத மட்டும் நிறுத்திருங்க."

இரண்டு நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள். நல்ல மழை. குடையை வாசலிலேயே மடக்கி வைத்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை நீட்டினாள்.

"எத்தனை காப்பி மோனிஷா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும்ணே."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கையில் காப்பியை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு, "நீங்க ஏதாச்சும் சொல்லணுமாண்ணே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அவள் குடையை விரித்து ரோட்டைத் தாண்டுவது வரை பார்த்துவிட்டு எழுதினேன். "பராதியை வெளியே விட்டது பராதி கொடுத்தவளேதானா? அடுத்து அப்பாவி ஒருவன் மேல் பழி போடத் தயாராகிறாளா?" இதுவும் கேள்விதான். இனி அவள் என் பெயரைச் சொன்னாலும் யாரும் நம்பக்கூடாது. அதற்காகத்தான் எழுதினேன். அன்று மட்டும் எழுநூறு பதில் வந்தது.

திங்கட்கிழமை காலை ஓடையில் அவளைக் கண்டெடுத்தார்கள். நானும் தேடப் போயிருந்தேன். தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதியம், பக்கத்தைத் திறந்தேன். மோனிஷாவின் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவள் கணக்கில் இருந்து ஒரு நீலக் கட்டைவிரல் வந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை, ஒரு கட்டைவிரல் மட்டும். மறுநாள் மூன்று வந்தது. சத்தத்தை அணைத்துவைத்தேன். அப்படியும் சோறு வடிக்கும்போது, குளிக்கும்போது அந்த 'டிங்' காதில் விழுந்தது. ஐந்து நாள் நான் கடையைத் திறக்கவில்லை.

ஆறாம் நாள் நல்லதம்பி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். மகளுடைய போனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவள் 'ட' போடுகிற மாதிரி விரலை இழுத்துத் திறப்பாளாம், பார்த்துவைத்திருக்கிறார்.

"தம்பி, எம்புள்ள இங்கிலீஷ் எழுத்துல தமிழ எழுதும். எனக்கு எழுத்துக் கூடல. கண்டதையும் அமுக்கிப் பாக்கேன், ஒரு கட்டைவிரல்தான் வருது, ஒண்ணும் தெரியல. பாண்டிப் பய மூஞ்சிலயே முழிக்க மாட்டேங்கான். நீதான பராதி எழுதிக் குடுத்த? எம்புள்ள என்ன எழுதிருக்குன்னு சத்தமா வாசி."

வாசித்தேன். நீங்க யாரு. நான் என்ன செஞ்சேன். எங்கம்மா சாப்பிட மாட்டேங்குது.

"யார்ட்ட கேட்டிருக்கு?"

"அந்தப் பக்கத்துக்காரன்ட்ட."

"அவன் பதில் சொன்னானா?"

"இல்லண்ணே."

கடைசிச் செய்தியை நான் வாசிக்கவில்லை, அவர் போனில் இருந்து அழித்துவிட்டேன். என் பக்கத்து இன்பாக்ஸில் அது அப்படியே இருந்தது. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் கண்டுபிடித்தது அதைத்தான்.

கிளம்பும்போது கேட்டார். "எனக்குன்னு ஒண்ணும் எழுதலையா தம்பி?"

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. இருக்கிறது என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அப்பா மேல எனக்கு வருத்தம் இல்ல. அப்பா தப்புச் செய்யலன்னு எனக்குத் தெரியும்." அவர் சத்தமில்லாமல் அழுதார். பிறகு டீ குடித்தார். மகள் போன பிறகு அவர் குடித்த முதல் டீ அது என்று மாரித்தாய் அக்கா பிறகு சொன்னாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் கடைக்கு வந்தார். வாசித்ததையே திரும்ப வாசிக்க முடியாது அல்லவா, புதிதாக வேண்டியிருந்தது. சனிக்கிழமையே யோசித்து வைத்துக்கொள்வேன். அம்மாவை வேலைக்குப் போகச் சொன்னாள். பாண்டீஸ்வரனை மன்னித்தாள். வெள்ளைச் சேவலை அறுக்க வேண்டாம் என்றாள். ஏழு மாதம். யாரையும் திட்டவில்லை. அவள் அப்படிப்பட்ட பெண்தான்.

மன்னித்ததாக அண்ணன் சொல்லக் கேட்டுத்தான் பாண்டீஸ்வரன் போனை வாங்கிப் பார்த்திருக்கிறான். அதில் அப்படி ஒரு வரியும் இல்லை. உங்களிடம் கொண்டுவந்தான், நீங்கள் ஃபேஸ்புக் கம்பெனிக்கு எழுதினீர்கள், என் கடை இன்டர்நெட் கணக்கு வந்தது. எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெயரில்லாமல் பேசும் உரிமை வேண்டும் என்று இப்போதும் நான் சொல்வேன். அதை இந்தக் கேஸோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. அவளுடைய கடைசிச் செய்தியில் இன்னொரு வரி உண்டு. நான் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். "இன்னொண்ணு வந்தா நான் இருக்க மாட்டேண்ணே." அதைப் படித்துவிட்டுத்தான், இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான், அந்தக் கடைசிக் கேள்வியை எழுதினேன். நடக்கும் என்று தெரிந்தேதான் எழுதினேன். இதை அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பாண்டீஸ்வரன் இன்னும் நல்லதம்பி அண்ணனிடம் சொல்லவில்லை என்றீர்கள். நல்லது. நாளை ஞாயிறு, அவர் வருவார். பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு இங்கே வந்து கேட்டால் என்னைப் பத்து நிமிடம் மட்டும் அவரிடம் விடுங்கள். போனில் ஒன்றும் இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெண் இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, மேடம். அதை என்னை விட்டால் வேறு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.