சம்பந்தியிடம் கேட்க ஒரு வார்த்தை

மனைவி: ...ஆல்த்தா, உயரமானவ. பாஹா, குட்டை. கோர்தா, குண்டு.

தையல்காரர்: சம்பந்தியம்மா முகத்துக்கு நேரா ஸ்பானிஷ்ல கோர்தான்னு சொல்லி வச்சுடாத.

மனைவி: நீங்க உங்க கத்தரிக்கோலைப் பாருங்க. கோணலா போகுது.

தையல்காரர்: சந்தோஷமா இருக்கறவ?

மனைவி: கொன்தென்தா.

தையல்காரர்: மாப்பிள்ளைக்குச் சொல்றதா இருந்தா கடைசியில 'ஓ' வரும். கொன்தென்தோ.

மனைவி: மாப்பிள்ளை கதை எனக்கு எதுக்கு? மகளுக்கு மட்டும் கேளுங்க.

தையல்காரர்: களைச்சுப் போனவ?

மனைவி: கான்சாதா. ஒல்லி, தெல்காதா. புத்தகத்துல அதுக்குக் கீழ என்ஃபெர்மான்னு ஒண்ணு இருக்கே, அதைக் கேக்கவே மாட்டேங்கறீங்க.

தையல்காரர்: அது... உன் வாயில நுழையாது.

மனைவி: சீக்காளின்னு போட்டிருக்கு. இதோ நுழைஞ்சிடுச்சே.

தையல்காரர்: விடு. இந்த வயசுல ஸ்பானிஷ் படிச்சு என்ன பண்ணப் போற? சம்பந்தியம்மா பேசறதை நம்ம மகதான் தமிழ்ல சொல்லிடறாளே.

மனைவி: எங்க சொல்றா? அந்தம்மா மூச்சு விடாம பேசறாங்க. இவ 'எல்லாரும் சுகமாம்'னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடறா.

தையல்காரர்: அந்த ஊசியை இப்படிக் குடு.

மனைவி: போன தடவை வீடியோ கால்ல, நீங்க தச்சு அனுப்பின சட்டை அவ தோள்ல நிக்கவே இல்ல. பாத்தீங்களா?

தையல்காரர்: தைக்கிறவன் கண்ணு... பாக்காம இருக்குமா?

மனைவி: பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?

தையல்காரர்: உன்கிட்ட சொல்லி உன்னையும் ஏன்...

மனைவி: சரி, கேளுங்க. இன்னைக்கு அவ கூப்பிடறப்ப, தோள் அளவு சரியில்லம்மா, நாடா எடுத்துட்டு வான்னு சொல்லுங்க. அவ உள்ள போன நேரத்துல அந்தம்மாகிட்ட நானே கேட்டுடறேன். ஒல்லியா, களைப்பா, என்னன்னு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எனக்குப் புரியும்.

தையல்காரர்: அதுக்குத்தான் இவ்வளவு படிப்பா?

மனைவி: பின்ன? நாடா எடுத்துட்டு வரச் சொல்லுவீங்கல்ல?

தையல்காரர்: அவளால எழுந்து போக முடியாது.

மனைவி: ...முடியாதா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

தையல்காரர்: துணி காஞ்சுடுச்சான்னு பாத்துட்டு வா, போ.

மனைவி: என்னங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க.

தையல்காரர்: நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப நான் கூப்பிட்டேன். அந்தம்மாதான் எடுத்தாங்க. நீ இன்னைக்குக் கேக்கப் போறதை நான் அன்னைக்கே கேட்டுட்டேன்... அவ படுத்துக் கிடக்கறதைக் காட்டி, நான் தாண்டித் தாண்டிப் போன வார்த்தையைத்தான் சொன்னாங்க.