விழுப்புரம் பஸ்ஸில் இருந்தவர்

இட ஒதுக்கீட்டு மறியலுக்காகச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாள். எங்கள் கள்ளக்குறிச்சி பஸ் உளுந்தூர்பேட்டை நிலையத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்தில், ஜன்னலுக்கு ஜன்னலாக, விழுப்புரம் பஸ்ஸும் நின்றது. எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள்.

"அக்கா, அந்த பஸ்ல இருக்கறவரு எத்தினி தடவதான் தலைய சீவுவாரு?" என்றாள் தங்கை.

"நீ இன்னாத்துக்குடி எண்ணிக்கினு இருக்க?"

"சும்மா கண்ணுல பட்டுச்சு."

"சும்மாவா? அப்ப பின்னல இன்னாத்துக்கு முன்னால எடுத்துப் போட்ட?"

"முதுவு வேர்க்குதுக்கா."

"அவன் சிரிக்கறப்பல்லாம் உனக்கு வேர்க்குதே, அது எப்பிடி?"

தங்கை அந்த ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வழி திறந்தது. விழுப்புரம் பஸ் முதலில் நகர்ந்தபோது அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"போயிட்டாராக்கா?"

"பஸ்ஸு போயிடுச்சு. ஆளு நம்ப பஸ்ல ஏறிக்கினு இருக்கான், பாரு."

பின்படிக்கட்டில் கண்டக்டர் அவரிடம், "எங்கங்க போவணும்?" என்று கேட்டார்.

"இந்த பஸ்ஸு எங்கங்க போவுது?"

கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"கள்ளக்குறிச்சிங்க!"

சொன்னது தங்கை.